பருவமழையைச் சோதனைக் குழாயில் அடைக்க முடியுமா?



பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் எத்தனையோ சோதனைகள் செய்திருப்பீர்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரில் கரியமில வாயுவைச் செலுத்தினால் அது பால் போல் வெளுக்கிறது. ஐயம் இருந்தால் இன்னொரு முறை செய்து பார்க்கலாம். அடையாற்றில் செய்தாலும் ஜப்பானில் செய்தாலும் விடை ஒன்றுதான். கருதுகோள், சோதனை, முடிவு என்று பாடப் புத்தகம் சொல்லும் விஞ்ஞான முறைக்கு இது எளிய எடுத்துக்காட்டு.

தட்பவெப்ப நிலையை ஆராய்பவர்கள் என்ன செய்வார்கள்? நம்மிடம் இருப்பது ஒரே பூமி. இன்னொரு பூமியை எடுத்து அதில் கரியமில வாயுவைக் கூட்டிப் பார்க்க முடியாது. சென்ற ஆண்டுப் பருவமழையை மறுபடியும் பெய்யச் சொல்லவும் முடியாது. அப்படியானால் அது விஞ்ஞானம்தானா? "அடுத்த வாரம் மழை வருமா என்றே சரியாகச் சொல்லத் தெரியவில்லை, 50 ஆண்டு கழித்து நடப்பதைச் சொல்ல வந்துவிட்டார்கள்!" என்று சிலர் கேலி செய்வதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

கேள்வி நியாயமானதே. விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னையிலிருந்தே தொடங்கலாம்.

பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்

மயிலாப்பூர் வழியே பறக்கும் ரயிலில் போனவர்களுக்குத் தெரியும்: திருமயிலை, மந்தைவெளி நிலையங்களை ஒட்டிக் கறுத்த நீருடன் ஒரு கால்வாய் ஓடுகிறது. ரயில் பாதையைத் தாங்கும் தூண்கள் பல அதற்குள்ளேயே நிற்கின்றன. அதுதான் பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. நீளமுள்ள இந்தப் பகுதி 1877-78ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் யார் தெரியுமா? பஞ்சத்தால் வாடி, கூலிக்காக மண் சுமக்க வந்த மக்கள்.

1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டு தென்மேற்குப் பருவமழையும் ஏமாற்றியது. அந்தப் பெரும் பஞ்சத்தில் இந்தியாவில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பழியை முழுவதும் வானத்தின் மேல் போட முடியாது. மக்கள் பட்டினி கிடந்தபோதும் தானியம் கப்பலேறிக் கொண்டிருந்தது. நிவாரண வேலைக்குக் கொடுத்த கூலி வயிற்றுக்குப் போதவில்லை. ஆனாலும், "மழை பொய்க்கப் போவதை முன்னதாகவே அறிய முடியுமா?" என்ற கேள்வி அன்று உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது.

சூரியனில் புள்ளி, சென்னையில் மழை

அன்று இந்தியாவில் நீண்ட காலம் தொடர்ந்து மழை அளந்த இடங்களில் சென்னையும் ஒன்று. நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வுக்கூடம் அமைந்தது. 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகளும் எடுக்கப்பட்டன. அந்தப் பழைய ஆய்வுக்கூடத்தின் கருங்கல் தூண், கல்லூரிச் சாலையில் உள்ள வானிலை மைய வளாகத்தில் இன்றும் இருக்கிறது.

1813 முதல் 1876 வரை 64 ஆண்டுகளுக்கான சென்னையின் மழைக் கணக்கை வில்லியம் ஹண்டர் என்ற அதிகாரி எடுத்துப் பார்த்தார். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகிக் குறைவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மழைக் கணக்கையும் 11 ஆண்டுகளாகப் பிரித்து ஹண்டர் சராசரி எடுத்தார். புள்ளிகள் குறைந்த ஆண்டுகளில் மழையும் குறைந்திருப்பதாகத் தெரிந்தது. நார்மன் லாக்கியர் என்ற புகழ்பெற்ற வானியல் அறிஞரும் அவருடன் சேர்ந்துகொண்டார். 1877இல் இருவரும் இதை எழுதியபோது பெரும் பரபரப்பு ஏற்பட்டது. இது உண்மையானால், அடுத்த பஞ்சம் எந்த ஆண்டு வரும் என்று இன்றே குறித்துவைத்து, தானியம் சேர்த்துவிடலாம் அல்லவா?

அதே 1877இல் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி என்பவர் எதிர்க் கேள்வி எழுப்பினார். இவர்தான் பிறகு பஞ்ச விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். "எந்த எண் வரிசையை எடுத்து 11 பத்திகளாகப் பிரித்தாலும் சில பத்திகள் உயர்ந்தும் சில தாழ்ந்தும் இருக்கத்தானே செய்யும்? இந்தச் சுழற்சி உண்மையானது என்று எப்படி அறிவது?" என்பதே அவர் கேள்வியின் சாரம். அதற்கு ஒரு சோதனையும் வைத்தார். ஓர் ஆண்டின் மழையை ஊகிக்க இரண்டு வழிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 64 ஆண்டுகளின் பொதுச் சராசரியைச் சொல்வது. மற்றொன்று, 11 ஆண்டுச் சுழற்சியில் அந்த ஆண்டுக்குரிய சராசரியைச் சொல்வது. சுழற்சி உண்மையானால் இரண்டாவது வழியில் பிழை நன்றாகக் குறைய வேண்டும். அப்படிக் குறையவில்லை என்பதே அவர் கண்ட விடை.

64 ஆண்டு என்பது கேட்பதற்கு நீண்ட காலம். 11ஆல் வகுத்தால் 6 சுழற்சிகள்கூட முழுமையாக இல்லை!

இங்கே சற்று நில்லுங்கள். யாரும் சோதனைக் குழாயைத் தொடவில்லை. ஆயினும் ஒரு கருதுகோள் சோதிக்கப்பட்டது, தேறவில்லை. ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் இதுதான்.

பனியைப் பார்த்து மழையைச் சொன்னவர்

1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இமயமலையில் பனி அதிகமாகப் பெய்த ஆண்டுகளில் பருவமழை குறைகிறது என்ற கருத்தை 1884இல் வெளியிட்டார். இதில் ஒரு சிறப்பு உண்டு. எண்களை அடுக்கிப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. அதற்கு ஒரு காரணமும் கூறினார். பனி மூடிய நிலம் மெதுவாகத்தான் சூடாகும். நிலம் சூடாகாவிட்டால் கடற்காற்றை இழுக்கும் வலு குறையும். 1886 முதல் அவர் பருவமழை தொடங்கும் முன்பே கணிப்பை முறையாக வெளியிட்டார். அதாவது, தவறாகப் போகக்கூடிய ஒன்றைப் பலர் அறியச் சொன்னார்.

அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் பல அறிகுறிகளையும் சேர்த்து மிக விரிவான கணிப்புகளைத் தந்தார். 1899இல் மழை நன்றாக இருக்கும் என்றார். அந்த ஆண்டு வந்ததோ கொடிய வறட்சி. முறையை மாற்றியே தீர வேண்டும் என்பது தெளிவாயிற்று.

ராமானுஜனைக் கண்ட கணித மேதை

1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், வானிலையைப் படித்தவர் அல்லர். கேம்பிரிட்ஜில் பயின்ற கணித வல்லுநர். 1913 பிப்ரவரியில் அவர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, அங்கே எழுத்தராக இருந்த ராமானுஜனின் கணக்குகளை அவரிடம் காட்டினார்கள். உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி, அந்த இளைஞர் முழு நேரமும் கணிதத்தில் ஈடுபட வழி செய்யும்படி பரிந்துரைத்தார் வாக்கர்.

உலகின் பல இடங்களின் காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றை இந்தியப் பருவமழையுடன் ஒப்பிடும் மாபெரும் கணக்கை அவர் மேற்கொண்டார். கணிப்பொறி இல்லாத காலம். கணக்கர்கள் அமர்ந்து கையால் போட்ட கணக்கு. நூற்றுக்கணக்கான தொடர்புகளைத் தேடினால் தற்செயலாகவே சில மிக நன்றாகப் பொருந்தி நிற்கும் என்ற ஆபத்தை வாக்கர் உணர்ந்திருந்தார். எது உண்மைத் தொடர்பு, எது தற்செயல் என்று பிரித்தறியும் அளவுகோல் ஒன்றை 1914இல் வகுத்தார். ஸ்ட்ரேச்சி எழுப்பிய அதே கேள்விக்கு மேலும் கூர்மையான விடை அது.

இந்தத் தேடலில் கிடைத்ததுதான் தென் அலைவு. பசிபிக் கடலின் கிழக்கே காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் தாழ்கிறது. அங்கே தாழும்போது இங்கே உயர்கிறது. ஏற்றப் பலகையின் இரு முனைகளைப் போல! ஏன் இப்படி என்று வாக்கருக்குத் தெரியாது. 1969இல் யாக்கோப் பியெர்க்னெஸ் என்ற விஞ்ஞானி இதைப் பசிபிக் கடல் நீர் சூடாகும் எல் நினோ நிகழ்ச்சியுடன் இணைத்து விளக்கினார். எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பலவீனமடைவது வழக்கம். பக்கிங்காம் கால்வாய் வெட்டப்பட்ட 1877இல் மிக வலுவான எல் நினோ இருந்தது என்பதும் பின்னாளில் தெரியவந்தது.

தோல்வியும் பாடம்தான்

விதி கிடைத்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று நினைக்கிறீர்களா? 1997இல் பசிபிக்கில் மிக வலுவான எல் நினோ தோன்றியது. வறட்சி வரும் என்று அஞ்சினார்கள். பருவமழையோ சராசரியை ஒட்டிப் பெய்துவிட்டது! விதியைத் தூக்கி எறிவதா? நடந்ததை மறைத்துவிடுவதா? விஞ்ஞானிகள் இரண்டையும் செய்யவில்லை. வேறு என்ன காரணம் குறுக்கிட்டது என்று தேடினார்கள். இந்தியப் பெருங்கடலிலேயே மேற்குப் பகுதி சூடாகவும் கிழக்குப் பகுதி குளிர்ச்சியாகவும் மாறும் ஓர் அலைவு இருப்பதை 1999இல் சாஜி, கோஸ்வாமி, வினயசந்திரன், யமகாட்டா ஆகியோர் அறிவித்தார்கள். இதை இந்தியப் பெருங்கடல் இருமுனை என்கிறோம். 1997இல் எல் நினோவின் விளைவை இது ஈடுகட்டியிருக்கலாம் என்பது பிறகு வந்த விளக்கம்.

2002இல் இன்னொரு அடி. வானிலைத் துறை 1988 முதல் 16 அறிகுறிகளைக் கொண்ட ஒரு கணக்கைப் பயன்படுத்தி வந்தது. சராசரி மழை பெய்யும் என்று அந்தக் கணக்கு சொன்னது. பெய்ததோ சராசரியைவிட சுமார் 19 விழுக்காடு குறைவு. மறு ஆண்டே அந்தக் கணக்கைக் கைவிட்டுப் புதிய கணக்கைக் கொண்டுவந்தார்கள். சொன்னது நடக்காதபோது சொன்னதை மாற்றிக்கொள்வது விஞ்ஞான முறையின் உயிர்நாடி.

பூமி சூடாவதை எப்படிச் சோதிப்பது?

இனி இன்றைய பெரிய கேள்விக்கு வருவோம். 1850-1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011-2020இல் பூமியின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. காற்றில் உள்ள கரியமில வாயு 1958இல் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றை எரிப்பதால் கூடிய இந்த வாயுதான் காரணம் என்கிறார்கள். சூரியன் காரணமாக இருக்கக் கூடாதா?

துப்பறிபவர் கைரேகை தேடுவதுபோல விஞ்ஞானிகள் இங்கே தடயம் தேடுகிறார்கள். சூரியனின் வெப்பம் கூடினால் காற்று மண்டலம் கீழும் மேலும் சேர்ந்து சூடாக வேண்டும். கரியமில வாயு காரணமானால் தரையை ஒட்டிய காற்று சூடாகும். மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற அடுக்கு குளிரும். அங்கே காற்று மெல்லியது. கரியமில வாயு வெப்பத்தை எளிதில் விண்வெளிக்கு அனுப்பிவிடும். இதை 1967இலேயே சுக்குரோ மனாபேயும் ரிச்சர்டு வெதரால்டும் கணக்கிட்டுச் சொன்னார்கள். செயற்கைக்கோள்கள் மேலடுக்கின் வெப்பத்தைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கியது 1979 அளவில். அளந்தபோது கீழே சூடும் மேலே குளிர்ச்சியும் தெரிந்தன. ஓசோன் குறைந்ததும் மேலே குளிர ஒரு காரணம். ஆனால் மிக உயரத்தில் காணும் குளிர்ச்சியை அது மட்டும் விளக்காது. மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

சில வேளைகளில் இயற்கையே சோதனை நடத்திக் காட்டுகிறது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினட்டுபோ எரிமலை வெடித்து வானில் மெல்லிய திரை விரித்தது. ஜேம்ஸ் ஹான்சனும் அவர் குழுவினரும் கணிப்பொறியில் கணக்கிட்டு, பூமி சுமார் அரை டிகிரி குளிர்ந்து, சில ஆண்டுகளில் மீளும் என்று 1992இன் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். 1992இன் பிற்பகுதியில் ஏறத்தாழ அந்த அளவே குளிர்ந்தது, பிறகு மீண்டது. பூமி குளிராமலே இருந்திருந்தால் அவர்கள் கணக்கு எல்லோர் முன்னிலையிலும் தோற்றிருக்கும்.

"வெப்பமானிகளைச் சுற்றிக் கட்டடங்கள் முளைத்துவிட்டன, அதனால்தான் சூடு கூடியதாகத் தெரிகிறது" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! தி. நகர் போன்ற நெரிசலான பகுதிகளில் சிமென்டும் தாரும் பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் விடுவது உண்மையே. இதைச் சோதிக்க வழி இருக்கிறது. நகரக் கணக்கை நாட்டுப்புறக் கணக்குடன் ஒப்பிட வேண்டும். கடல் நீரின் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். நடுக்கடலில் கட்டடம் ஏது? கடலும் சூடாகியிருக்கிறது.

"இல்லை" என்று சொன்ன ஆய்வு

2015 டிசம்பர் 1ஆம் தேதியைச் சென்னை மறக்காது. தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் போன்ற பகுதிகளை மூழ்கடித்தது. பூமி சூடானதுதான் காரணம் என்று பலர் உடனே சொல்லிவிட்டார்கள். ஓர் இந்திய விஞ்ஞானியும் இடம்பெற்ற பன்னாட்டுக் குழு ஒன்று இதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது. பழைய மழைக் கணக்குகளைப் பார்த்தார்கள். மனிதர் வெளியேற்றிய வாயுக்கள் உள்ள பூமி, இல்லாத பூமி என்று இரண்டையும் கணிப்பொறி மாதிரிகளில் ஒப்பிட்டார்கள். அந்த ஒரு நாள் மழையில் புவி வெப்பத்தின் பங்கு எதுவும் புலப்படவில்லை என்பது அவர்கள் முடிவு. காற்றில் உள்ள தூசும் புகையும் வெயிலை மறைத்து, இதுவரை அந்த விளைவை ஈடுகட்டியிருக்கலாம் என்றும் கூறினார்கள்.

பூமி சூடாவது பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பதே பொருள். எதிர்பார்த்த விடை வராதபோதும் அதை அச்சிட்டு வெளியிடும் துறையை ஊகம் என்று ஒதுக்க முடியுமா?

இதற்கு எல்லையும் உண்டு. பூமியின் சராசரி வெப்பத்தைப் பற்றிச் சொல்வதுபோல் உறுதியாக, ஒரு நகரத்தின் வருங்கால மழையைப் பற்றிச் சொல்ல முடியாது. அதில் மாதிரிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. வேறுபாடு எவ்வளவு என்பதையும் சேர்த்தே அவர்கள் வெளியிடுகிறார்கள்.

அடுத்த வாரமா, 50 ஆண்டா?

கேலிக்கும் விடை சொல்லிவிடுவோம். வருகிற நவம்பர் 20 அன்று மயிலாப்பூரில் மழை பெய்யுமா என்று இன்றே யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சென்னையில் மே மாதத்தைவிட நவம்பரில் மழை அதிகம் என்று குழந்தையும் சொல்லும். முதலாவது வானிலை; இரண்டாவது தட்பவெப்பம். பகடையை உருட்டினால் அடுத்து விழும் எண் தெரியாது. அதன் ஒரு பக்கத்தில் மெழுகை ஒட்டிவிட்டால், நூறு முறை உருட்டியபின் சராசரி எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம்.

செய்து பாருங்கள்

ஸ்ட்ரேச்சியின் பாடத்தை உங்கள் வீட்டிலேயே நடத்தலாம். லூடோ பெட்டியிலிருந்து இரண்டு பகடைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. இரண்டையும் சேர்த்து 44 முறை உருட்டுங்கள். ஒவ்வொரு முறையும் கூட்டுத்தொகையை எழுதுங்கள். இதுவே உங்கள் "44 ஆண்டு மழை."

2. எண்களை வரிசைக்கு 11 வீதம் 4 வரிசைகளில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொரு பத்திக்கும் சராசரி காணுங்கள். ஒரு பத்தி 5ஐ ஒட்டியும் இன்னொன்று 9ஐ ஒட்டியும் வரக்கூடும். "11 ஆண்டுச் சுழற்சி" கண்ணுக்குத் தெரிகிறதா?

3. இப்போது மேலும் 44 முறை உருட்டுங்கள். ஒவ்வொரு உருட்டலுக்கும் முன்னால் நீங்கள் அந்தப் பத்தியின் பழைய சராசரியைச் சொல்லுங்கள். உங்கள் நண்பர் எப்போதும் 7 என்றே சொல்லட்டும். யார் எவ்வளவு தவறினார்கள் என்று எழுதிக் கூட்டுங்கள். மொத்தப் பிழை யாருக்குக் குறைவோ அவரே வென்றவர்.

பெரும்பாலும் உங்கள் நண்பரே வெல்வார். முதல் 44 எண்களில் நீங்கள் கண்ட சுழற்சி தற்செயலாக அமைந்தது. புது எண்களிடம் அது செல்லவில்லை. 44க்குப் பதில் 440 முறை உருட்டினால் பத்திச் சராசரிகள் என்ன ஆகும்? வகுப்பு நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

இனி யாராவது வானிலையைப் பற்றியோ தட்பவெப்பத்தைப் பற்றியோ ஏதேனும் உறுதியாகச் சொன்னால் அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை நடப்பதற்கு முன்பே சொன்னீர்களா? எது நடந்தால் உங்கள் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? வேறு காரணங்களைச் சோதித்துப் பார்த்துவிட்டீர்களா? இம்மூன்றுக்கும் நேரான விடை தருபவர், சோதனைக் குழாய் இல்லாமலே விஞ்ஞான முறையில் நடப்பவர்தான்.